மாருதி 800 வெளிப்பக்க வேலை: பம்பர், கிரில், ரிம், கதவடித் துரு (உப்புக்காத்து ஊர்க்காரர்கள் வரவும்)

#1 தொண்டிக்கரை

1998 மாடல் மாருதி 800, வெள்ளை, சாலிட் கலர். வண்டி நிற்பது தொண்டியில், கடலிலிருந்து முன்னூறு மீட்டர். இஞ்சினில் குறையில்லை, வெளிப்பக்கம்தான் போய்விட்டது. நிலவரம் இது:

இரண்டு பம்பரும் கறுப்பு போய்ச் சாம்பலாகிவிட்டது, தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது. கிரில், சைடு மிரர் மூடியும் அப்படித்தான். நாலு கதவுக்கும் அடிவிளிம்பில் கொப்புளம். இடது பின் வீல் ஆர்ச்சில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. ரிம் நாலும் துரு.

பம்பரையும் மிரரையும் பாடி கலருக்கு மாற்ற வேண்டும். கிரில் மேட் கறுப்பு, ரிம் சில்வர். 2 எச்.பி., 50 லிட்டர் கம்ப்ரஸர் கைவசம் இருக்கிறது. வேலை வீட்டு முற்றத்தில். எதில் தொடங்குவது, எவ்வளவு சாமான் வாங்குவது?

#2 டிங்கர்மண்டபம்

பெயிண்ட்டைப் பத்தி அப்புறம் பேசுவோம் தம்பி. முதல்ல வண்டி எம்புட்டு மிச்சம் இருக்குன்னு பாருங்க.

சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுத்து, பின்பக்கப் பிடியால கதவடி, ரன்னிங் போர்டு (கதவுக்குக் கீழ ஓடுற பாடி விளிம்பு), வீல் ஆர்ச் விளிம்பு, டிக்கி அடி, பேட்டரி தட்டு எல்லாம் தட்டிக்கிட்டே வாங்க. நல்ல தகடு ‘டங்’குனு கேக்கும். செத்த தகடு ‘டொப்’புனு கேக்கும். டொப்னு கேட்ட இடத்துல முனையால குத்துங்க. உள்ள போச்சுன்னா அது கொப்புளம் இல்ல, ஓட்டை. மேல இருக்கிற பெயிண்ட்தான் அதை மூடிக்கிட்டு இருந்திருக்கு.

கதவடில வர்ற கொப்புளம் பெரும்பாலும் வெளிய இருந்து வர்றது இல்ல. கண்ணாடி வழியா இறங்குற தண்ணி கதவுக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டை வழியா வெளியேறணும். அந்த ஓட்டை மண்ணும் பழைய அண்டர்கோட்டிங்கும் சேர்ந்து அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ளயே நிக்கும். ஒரு கம்பியை விட்டு எல்லா ஓட்டையையும் முதல் நாளே திறந்து விடுங்க. இதைச் செய்யாம வெளிய எத்தனை கோட் அடிச்சாலும் வீண்.

வீல் ஆர்ச் ஓட்டைக்கு நல்ல தகடு தெரியிற வரைக்கும் வெட்டணும். கட்டைவிரல் ஓட்டைன்னா வெட்டி முடிக்கறப்ப உள்ளங்கை அளவு ஆகும், பயப்படாதீங்க. 20 கேஜ் தகடு, அதாவது சுமார் 0.9 மி.மீ., வாங்கி வளைச்சு வச்சு, மிக் வெல்டிங்ல (கம்பி தானா வந்து உருகுற கரண்ட் வெல்டிங்) 0.8 மி.மீ. கம்பி போட்டு, ரெண்டு மூணு செ.மீ. இடைவெளி விட்டு டேக் (பொட்டு பொட்டா வெல்ட்) வைக்கணும். ஒரே ஓட்டமா வெல்ட் ஓட்டினா தகடு அலை அலையா நெளியும். அங்கிட்டு ஒரு டேக், இங்கிட்டு ஒரு டேக், ஆற விட்டு ஆற விட்டு. கேஸ் வெல்டிங் வேண்டாம், சூடு பரவி பக்கத்துத் தகட்டையும் நெளிச்சிடும். பித்தளை வச்சு ஊதுனா அதுல சேர்க்கிற ஃப்ளக்ஸ் பொடி ஒரு துளி மிஞ்சுனாலும் அதுவே அடுத்த துருவுக்கு விதை.

#3 வல்லம்ரெசின்

ஃபைபர் வல்லத்துக்குப் (மீன்பிடிப் படகு) போடும் ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் பாம்பன், மண்டபத்தில் எங்கும் கிடைக்கும். அந்த ஓட்டைக்கு ரெண்டு லேயர் மேட் போட்டால் முடிந்ததே? வெல்டிங் எதற்கு?

#4 டிங்கர்மண்டபம்

வல்லம் முழுசும் ஃபைபர். அதுல ஃபைபரை ஒட்டுனா ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். இங்க அடியில இருக்கிறது துருப்பிடிச்ச இரும்பு. பாலியஸ்டர் ரெசின் இரும்புல அவ்வளவா பிடிக்காது. வெயில்ல தகடு விரியிற அளவும் ஃபைபர் விரியிற அளவும் வேற வேற, விளிம்புல மயிரிழை வெடிப்பு விடும், உப்புத்தண்ணி அதுல போய் உக்காரும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள தின்னுக்கிட்டே போகும். ஃபைபர் போட்டே ஆகணும்னா பாலியஸ்டரை விட்டுட்டு எபாக்சி ரெசின் எடுங்க. அதுவும் ரன்னிங் போர்டு மாதிரி பாரம் தாங்குற இடத்துல கூடவே கூடாது.

#5 கலர்மேட்சிங்

டிங்கர் அண்ணன் சொன்னது முடிந்த பிறகு, இந்தக் கரையில் முக்கால்வாசி வேலை கெடும் இடத்துக்கு வருவோம். அது தண்ணீர்.

கடல் உப்பு என்பது சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரம் இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். தொண்டியில் 33 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் போகும் நேரம் வருஷத்தில் எவ்வளவு இருக்கும்? ஆக, தகட்டில் தங்கிய உப்பு அநேகமாக எப்போதும் நனைந்தே இருக்கிறது. அதன் மேல் பிரைமர் (கலருக்கு அடியில் போகும் கோட்) அடித்தால், பெயிண்ட் படலம் வழியாக ஈரம் உள்ளே இழுபடும். உள்ளே உப்புக்கரைசல், வெளியே ஈரக்காற்று, நடுவில் மெல்லிய படலம். பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான் இது. மூன்று நாலு மாதத்தில் குண்டூசித் தலை அளவு கொப்புளம், ஒரு மழை கழிந்தால் மொச்சை அளவு.

உப்பு எங்கிருந்து வருகிறது? பாதி காற்றிலிருந்து. மீதியை நாமே போர் தண்ணீரில் கொண்டுவந்து தேய்க்கிறோம். கரையோரம் பல ஊர்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, அதில் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் உப்பைத் தகட்டின் குழிக்குள் திணிக்கிறோம் என்று அர்த்தம்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை. கார் வேலைக்கு 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆர்.ஓ. கேன் தண்ணீர் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். காவிரிக் குடிநீர் வருகிற நாளில் அதையும் அளந்து பாருங்கள்.

செய்முறை: துருவை 80-ம் நம்பர் பேப்பர், கம்பி பிரஷ் போட்டுத் தகடு வெள்ளையாகும் வரை எடுக்கவும். 20 லிட்டர் கேன் இரண்டு. நைலான் பிரஷ்ஷால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவவும், வழிந்து வரும் தண்ணீரை ஒரு கப்பில் பிடித்து மீட்டரை விடவும். கேன் தண்ணீர் 60 காட்டி, வழியும் தண்ணீர் 300 காட்டினால் இன்னும் உப்பு வந்துகொண்டிருக்கிறது. வித்தியாசம் இருபது முப்பதுக்குள் வரும் வரை கழுவவும். துரு குழி விழுந்த இடத்தில் ஒரே கழுவலில் வராது. கழுவி, காயவைத்து, மறுபடி கம்பி பிரஷ், மறுபடி கழுவல். சோப்பு போட்டால் அதுவே மீட்டரில் ஏறும், ஆகவே சோப்புக் கழுவல் முதலில், அளவெடுக்கும் கழுவல் கடைசியில்.

கழுவியதும் துணியால் ஒற்றி, ஹீட் கன் அல்லது ஹேர் டிரையர் காட்டி உடனே காயவையுங்கள். அரை மணி விட்டால் மஞ்சள் பூக்கும். வெறும் கையால் தொட வேண்டாம், வியர்வையும் உப்புதான்.

#6 கீழக்கரையான்

ஊர்ல இருக்கிற பட்டறை எல்லாம் போர் தண்ணிலதான் தேய்க்கிது. பல வண்டி மூணு வருஷம் நிக்கத்தானே செய்யிது?

#7 கலர்மேட்சிங்

காக்கா (அண்ணன்), நிற்கிற வண்டிகள் எவை என்று பாருங்கள். பழைய பெயிண்ட் மேலேயே தேய்த்து மேல் கோட் மட்டும் மாற்றியவை நிற்கும், உப்பு தகட்டைத் தொடவில்லை. வெறும் தகடு வரை இறங்கிய இடம்தான் முதலில் கொப்புளிக்கும். ராமநாதபுரத்தைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் நல்ல தண்ணீர் போர் உள்ள பட்டறையில் செய்ததும் நிற்கும். மீட்டர் விட்டுப் பார்த்துவிட்டு எந்தத் தண்ணீரையும் பயன்படுத்துங்கள். போர் தண்ணீரோடு எனக்கு ஒன்றும் சண்டை இல்லை.

#8 தொண்டிக்கரை

கன்வெர்ட்டர் என்று ஒரு திரவம் விற்கிறார்களே, தடவினால் துரு கறுப்பாகிவிடும் என்கிறார்கள். அதைப் போட்டால் இவ்வளவு கழுவல் வேண்டாமா?

#9 டிங்கர்மண்டபம்

வேணும். அதுல இருக்கிறது பாஸ்பாரிக் அமிலம், இல்ல டானிக் அமிலம், இல்ல ரெண்டும். துருவை வேற பொருளா மாத்துமே தவிர, துருக்குள்ள உக்காந்திருக்கிற உப்பை ஒண்ணும் பண்ணாது. தளர்ந்த துரு, பொருக்கு எல்லாம் எடுத்துட்டு, குழிக்குள்ள மட்டும் மிச்சம் இருக்கிறதுக்கு பிரஷ்ல மெல்லிசா ஒரு கோட். காஞ்சதும் பளபளன்னு இருக்கிற பாஸ்பாரிக் மிச்சத்தைக் கழுவி எடுக்கணும். அமிலம் மிஞ்சுன இடத்துல எபாக்சி பிரைமர் ஒழுங்கா இறுகாது, பட்டை பட்டையா உரியும். டப்பாவுல ‘கழுவ வேண்டாம்’னு போட்டிருந்தா அது வேற வகை, அது சொல்ற படி போங்க.

கையெட்டுற இடத்துல கன்வெர்ட்டரே வேண்டாம், தேய்ச்சு எடுங்க. கையெட்டாத மடிப்புக்கு மட்டும் வச்சுக்கங்க.

#10 கலர்மேட்சிங்

அடுத்தது வரிசை. இங்கே பழக்கத்தில் உள்ளது: தகடு, அதன் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), பிறகு பிரைமர். கடலோரத்தில் அதை மாற்ற வேண்டும்: தகடு, எபாக்சி பிரைமர், பட்டி, 2கே சர்ஃபேசர் (ஹார்டனர் கலந்து அடித்து, தேய்த்துச் சமன் செய்யும் பிரைமர்), கலர்.

பாலியஸ்டர் பட்டியில் பெரும்பகுதி டால்க் பவுடர். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெறும் தகட்டில் அப்பினால் நனைந்த ஸ்பாஞ்சை இரும்பில் ஒட்டியது மாதிரி. எபாக்சி படலம் இருந்தால் அந்த ஈரம் தகட்டை எட்டாது. எபாக்சியை கழுவின அன்றே அடியுங்கள், இரண்டு மெல்லிய கோட், காய்ந்தபின் 40 மைக்ரான் போல வரும். கலவை விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, டப்பாவில் உள்ளதை அப்படியே பின்பற்றவும். கலந்து கால் மணி நேரம் வைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று சில டப்பாவில் இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். ஒரு ராத்திரி காய்ந்ததும் 180-ம் நம்பர் உரசி அதன் மேல் பட்டி.

பட்டி 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம். நம் ஊர் பகல் வெயிலில் ஒன்றரை போதும். அதிகம் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்துத் தாராளமாகப் பிழிவார்கள், மிஞ்சின ஹார்டனரில் உள்ள பெராக்சைடு வெள்ளைப் பெயிண்ட்டில் மஞ்சள் கறையாக மேலே வரும். கலந்தால் நாலைந்து நிமிடம்தான் வேலை செய்யும், ஆகவே எலுமிச்சை அளவு எடுங்கள். மொத்த கனம் 2 மி.மீ. தாண்ட வேண்டாம். தாண்டுகிறது என்றால் அது டிங்கரிங்கில் முடிக்க வேண்டிய பள்ளம்.

பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவே கூடாது. 80, 120, 180 என்று காய்ந்த பேப்பரில். தூசி பறக்கும், மாஸ்க் போடுங்கள்.

#11 கீழக்கரையான்

இதை ஒத்துக்கிறேன். தண்ணி தொட்டுத் தேய்ச்ச பட்டி, பார்க்கக் காஞ்ச மாதிரி இருக்கும், அதுமேல பிரைமர் அடிச்சு வெயில்ல விட்டா ஒரு வாரத்துல ஊசி ஊசியா குமிழி. வாட்டர் பேப்பரை சர்ஃபேசர் மேல வச்சுக்கங்க, 400, பிறகு 600. சர்ஃபேசர் மேல கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவலா ஒரு ஊது ஊதிட்டுத் தேய்ங்க. கறுப்பு மிஞ்சுற இடம் பள்ளம்.

#12 பழையபத்மினி

குறுக்கே ஒரு கேள்வி. புதுப் பாம்பன் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் பெயிண்ட் அடித்திருக்கிறார்களே, அந்த மாதிரிப் பெயிண்ட்டைக் காருக்கு அடித்தால் இந்தத் தொல்லை எல்லாம் தீராதா?

#13 கலர்மேட்சிங்

2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து இந்தக் கேள்வி கடைக்கு வராத நாள் இல்லை. 1914-ல் திறந்த பழைய பாலத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தே காப்பாற்றினார்கள், அதனால் புதுசில் என்ன மந்திரம் என்று எல்லாருக்கும் ஆசை. பாலிசிலாக்சேன் நல்ல பெயிண்ட்தான், வெயிலில் மாவு பூக்காது. ஆனால் அது மேல்சட்டை. பாலத்து இரும்புக்கு உயிர் கொடுப்பது அதற்கு முந்தின வேலை, மணலோ கிரிட்டோ ஊதித் தகட்டை வெறுமையாக்குவதும், கீழே போகும் பிரைமர் அடுக்குகளும். கார் தகடு 0.7, 0.8 மி.மீ. அதில் அந்த வேகத்தில் கிரிட் ஊதினால் பானட் அப்பளம் ஆகிவிடும். பாலத்துப் பெயிண்ட் கனத்தை விளிம்பு வளைவுகளில் ஏற்றினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். காரில் எல்லாக் கோட்டும் சேர்த்து 150 மைக்ரான் பக்கம் இருந்தால் சரி.

மண்டபத்தில் செக்ரியின் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) அரிப்பு ஆய்வு நிலையம் இருக்கிறது. காரைக்குடிக்காரர்கள் தகட்டைத் தொங்கவிட்டுப் பார்க்க நம் கரையைத் தேர்ந்தெடுத்ததிலேயே தெரியவில்லையா, வண்டி எங்கே நிற்கிறது என்று.

#14 வல்லம்ரெசின்

படகுக் கடையில் கிடைக்கும் எபாக்சி பிரைமர் காருக்குத் தாராளமாகப் போகும், விலையும் குறைவு. ஆனால் கெட்டியாக இருக்கும், ஸ்ப்ரே கன்னில் 1.8 மி.மீ. நாசில் இல்லாமல் வராது, தேய்த்துச் சமன் செய்வதும் கஷ்டம். அண்டர்பாடிக்கும் வீல் ஆர்ச் உள்பக்கத்துக்கும் பிரஷ்ஷில் அடித்துக்கொள்ளலாம். எபாக்சியை வெயிலில் வெறுமையாக விட்டால் மாவாகும், மேலே ஏதாவது கலர் வேண்டும். பாசி பிடிக்காமல் படகு அடியில் பூசும் பெயிண்ட்டை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள், அது வேறு வேலைக்கு.

#15 தொண்டிக்கரை

புரிந்தது. பிளாஸ்டிக் பக்கம் சொல்லுங்கள்.

#16 கீழக்கரையான்

பம்பரைக் கழட்டித்தான் அடிக்கணும். வண்டியில வச்சு அடிச்சா விளிம்பு உள்மடிப்புல பெயிண்ட் போகாது, அங்கிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். கழட்டுறதுக்கு முந்தின ராத்திரி துருப்பிடிச்ச போல்ட்டுக்கெல்லாம் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு வைங்க. இல்லாட்டி பாடில இருக்கிற நட்டு வெல்ட் விட்டுச் சுத்தும், அப்புறம் அதுக்கு ஒரு நாள்.

பின்னாடி திருப்பினா என்ன பிளாஸ்டிக்னு எழுத்து இருக்கும். பி.பி. இல்ல பி.பி. கூட ஈ.பி.டி.எம்.னு இருந்தா பாலிப்ரொப்பிலீன். ஏ.பி.எஸ்.னு இருந்தா வேற. எழுத்து அழிஞ்சிருந்தா உள்பக்கத்துல நகக்கண் அளவு ஒரு சீவல் எடுத்துத் தண்ணில போடுங்க. பொதுவா மிதந்தா பி.பி., முங்குனா ஏ.பி.எஸ். கருப்பு பம்பர் பெரும்பாலும் பி.பி., மிரர் மூடி, கிரில் பெரும்பாலும் ஏ.பி.எஸ்.

ஏ.பி.எஸ். சுலபம். 400, 600 தேய்ச்சு பிளாஸ்டிக் பிரைமரோ 2கே பிரைமரோ அடிச்சுக் கலர் அடிக்கலாம். பெட்ரோல், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் போட்டு மட்டும் துடைக்காதீங்க, மயிரிழை வெடிப்பு விடும். ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் போதும்.

பி.பி.தான் முரண்டு பிடிக்கும். அதுமேல எதுவும் ஒட்டாது, அது அதோட குணம். எண்ணெய்ப்பசை மாதிரி மேற்பரப்பு. இதுக்குன்னு அட்ஹீஷன் ப்ரமோட்டர் (பெயிண்ட்டை ஒட்டவைக்கிற கோட்) இருக்கு, குளோரினேட்டட் பாலியோலெஃபின் சேர்ந்தது. அது இல்லாம அடிச்ச பம்பர், பிரஷர் வாட்டர் அடிச்சா வாழைப்பழத் தோல் மாதிரி உரிஞ்சு வரும். பாடி பிரைமரை அடிச்சுட்டு ‘பிரைமர் போட்டாச்சே’ன்னு சொல்றது செல்லாது.

அதுக்கும் முன்னாடி ஒரு வில்லன், டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ். இத்தனை வருஷமா பம்பரைக் கறுப்பாக்கத் தடவுன சிலிக்கான் எல்லாம் பிளாஸ்டிக் சொரசொரப்புக்குள்ள ஊறிக் கிடக்கும். கலர் அடிக்கறப்ப மீன்கண் மாதிரி வட்ட வட்டமா ஒதுங்கும். மாவு பூத்த பம்பரை முதல்ல பாத்திரம் கழுவுற லிக்விட், சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் போட்டு ரெண்டு தடவை தேய்ங்க. அப்புறம் ஒரு மணி நேரம் வெயில்ல போடுங்க, உள்ள இருக்கிற எண்ணெய் மேல வரும். வேக்ஸ் ரிமூவர் துணியால துடைச்சு, காயறதுக்குள்ள வேற சுத்தமான துணியால எடுங்க. ஒரே துணியில தடவித் தடவித் துடைச்சா எண்ணெயை இடம் மாத்துறோம், அவ்வளவுதான். கடைசில நல்ல தண்ணி ஊத்திப் பாருங்க. தண்ணி முழுசா படர்ந்து வழியணும். முத்து முத்தா நின்னா இன்னும் எண்ணெய் இருக்கு, மறுபடி தொடக்கத்துல இருந்து.

பாடி கலர் வேணும்னா சொரசொரப்பைச் சமன் பண்ணணும். 240-ல தொடங்கி 400. பி.பி.யைத் தேய்ச்சா ரோமம் மாதிரி நூல் நூலா எழும்பும், 600 வாட்டர் பேப்பர் அழுத்தாம ஓட்டினா அடங்கும். ப்ரமோட்டர் ஒரே ஒரு மெல்லிய கோட், பனி படிஞ்ச மாதிரி. கனமா அடிச்சா அதுவே வழுக்கும். பத்து நிமிஷத்துக்கு மேல, அரை மணிக்குள்ள அடுத்த கோட் ஏறணும். பம்பர் வளையும், தகடு வளையாது, அதனால கலர்ல ஃப்ளெக்ஸ் அடிட்டிவ் கலக்கணும். இல்லாட்டி யாராவது பார்க்கிங்ல முட்டுனா அந்த இடத்துல கண்ணாடி மாதிரி வெடிக்கும்.

வெடிச்ச பம்பருக்கு ஃபெவி க்விக் வேலைக்கு ஆகாது. சால்டரிங் அயர்ன், ஸ்டெயின்லெஸ் வலை, பி.பி. குச்சி. பின்பக்கம் வலையை உருக்கிப் பதிச்சு, முன்பக்கம் குச்சியை உருக்கி நிரப்பணும்.

என்னைக் கேட்டா பம்பரை மேட் கறுப்பாவே விடுங்க. மணல் அடிக்கிற ரோட்டுல வெள்ளை பம்பர் ஒவ்வொரு சில்லுக்கும் கறுப்புப் புள்ளி காட்டும். தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போற வண்டின்னா இன்னும் மோசம்.

#17 தொண்டிக்கரை

பாடி கலர்தான் காக்கா, அதில் மாற்றமில்லை. கலர் எவ்வளவு வாங்க?

#18 கலர்மேட்சிங்

கலர் கோடு இஞ்சின் அறையில் பிளேட்டில் இருக்கும். மாருதியில் 26யூ என்றால் சுப்பீரியர் ஒயிட், இசட்2எஸ் என்றால் சில்க்கி சில்வர். ஆனால் கோடு மட்டும் போதாது. 1998 வெள்ளை இவ்வளவு வெயிலில் மஞ்சளடித்திருக்கும். பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி, பாலிஷ் போட்டுத் துடைத்து, கடைக்குக் கொண்டுபோய் அதற்கு மேட்ச் செய்யச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் அடித்து, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் கதவோடு வைத்துப் பார்க்கவும். டியூப் லைட்டில் எந்த வெள்ளையும் மேட்ச் ஆகும்.

சாலிட் வெள்ளை என்பதால் கிளியர் கோட் இல்லாத 2கே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் எடுங்கள். இரண்டு கோட்டில் முடியும். பின்னாளில் டச்சப் செய்ய, பாலிஷ் போட எளிது. மெட்டாலிக்காக இருந்திருந்தால் பேஸும் கிளியரும் தவிர வழியில்லை. இரண்டு பம்பர், இரண்டு மிரருக்கு அரை லிட்டர் கலர், 2-க்கு 1 வகை என்றால் கால் லிட்டர் ஹார்டனர், தின்னர் பத்து சதவீதம். மிச்சம் இருக்கும். கதவடி நாலு, வீல் ஆர்ச் சேர்த்தால் இன்னொரு அரை லிட்டர். எபாக்சி அரை லிட்டர் செட், சர்ஃபேசர் அரை லிட்டர் செட், பட்டி 1 கிலோ, ப்ரமோட்டர் ஒரு டப்பா. தின்னர் ‘ஸ்லோ’ வகை கேளுங்கள். 35 டிகிரியில் சாதாரணத் தின்னர், துளி பேனலைத் தொடும் முன்பே பறந்துவிடும், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும்.

ஹார்டனர் டப்பாவைத் திறந்தால் உடனே மூடுங்கள். காற்று ஈரத்தோடு வினைபுரிந்து கெட்டியாகும். அடியில் பால் மாதிரி வெள்ளை தெரிந்தால் தூக்கி எறியவும், கால் லிட்டர் மிச்சம் பிடிக்கப் போய் பம்பர் முழுக்கப் பிசுபிசுக்கும். இந்த ஹார்டனர் நுரையீரலுக்கும் கெடுதல். துணி கட்டுவதோ என்-95 மாஸ்க்கோ போதாது, கார்ட்ரிட்ஜ் போட்ட ஆர்கானிக் வேப்பர் மாஸ்க்காவது வேண்டும். பிள்ளைகள், கோழி எல்லாம் முற்றத்தை விட்டு வெளியே.

#19 டிங்கர்மண்டபம்

எப்ப அடிக்கிறதுன்னு யாரும் சொல்லலையே. தொண்டி வடகடல் (பாக் நீரிணை) பக்கம். வாடைக்காத்து நாள்ல, ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும், அலைச்சாரல் நேரா ஊருக்குள்ள வரும், மழையும் அப்பத்தான். பெயிண்ட் வேலையை நினைக்கவே நினைக்காதீங்க. கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) நாள்ல தென்கடல் (மன்னார் வளைகுடா) ஊர்கள், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் சாரல், உங்களுக்குப் புழுதி. பங்குனி, சித்திரை நல்லது. மாசியும் சரி, ஆனா மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்றது பெயிண்ட்டுக்கும் சேத்துத்தான். சாயங்காலம் அடிச்சு ராத்திரி வெளிய விட்டா காலையில மங்கிப் போய் நிக்கும்.

நேரம் காலை ஒம்பதுல இருந்து பதினொண்ணு. அதுக்கு முன்னாடி தகடு பனியில குளிர்ந்து கிடக்கும், அதுக்கு அப்புறம் கடல்காத்து ஏறிடும்.

#20 கலர்மேட்சிங்

அண்ணன் சொன்னதற்கு எண் இதோ. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 டிகிரியில் பனி படியும். தகடு அதைவிட 3 டிகிரியாவது சூடாக, அதாவது 29-க்கு மேல் இருக்க வேண்டும். விடியற்காலையில் இருக்காது. மலிவான என்.சி. பெயிண்ட்டும் தின்னரும் பயன்படுத்துபவர்களுக்குத்தான் வெள்ளைப் புகை மாதிரிப் பூப்பது அதிகம், தின்னர் ஆவியாகும் வேகத்தில் தகட்டைக் குளிரவைத்து ஈரத்தைக் கூட்டி வருகிறது.

நிறையக் காற்று கேட்கும் எச்.வி.எல்.பி. ஸ்ப்ரே கன்னுக்கு உங்கள் 2 எச்.பி. கம்ப்ரஸர் மூச்சு வாங்கும். குறைந்த காற்றில் ஓடும் எல்.வி.எல்.பி. கன், 1.3 நாசில், 2 பார், பேனலிலிருந்து 15 செ.மீ., ஒரு ஓட்டத்தின் பாதி மேல் அடுத்த ஓட்டம். ஒரு பம்பர் முடிந்ததும் டேங்க் நிரம்பும் வரை நிறுத்துங்கள். டேங்கிலிருந்து சூடாக வரும் காற்றில் தண்ணீர் ஆவியாக இருப்பதால் கம்ப்ரஸர் வாயிலேயே ஃபில்டர் மாட்டினால் பிடிபடாது. பத்து மீட்டர் குழாய் ஓடி ஆறிய பிறகு, கன்னுக்கு முன்னால் மாட்டவும். அரை மணிக்கொரு முறை டேங்க் அடித் திருகைத் திறந்து தண்ணீரை விடுங்கள், இந்த ஊர் காற்றில் டம்ளர் கணக்கில் வரும்.

#21 பழையபத்மினி

ரிம்: டயரைக் கழற்ற முடிந்தால் கழற்றி பவுடர் கோட்டிங் கொடுங்கள். 180, 200 டிகிரி அடுப்பில் வேகும், ஸ்டீல் ரிம்முக்கு ஒன்றும் ஆகாது. கொடுக்கும்போது இரண்டு இடத்தை மறைக்கச் சொல்லுங்கள், நட்டு உட்காரும் கூம்புக்குழி, ஹப்பில் ஒட்டும் பின்முகம். அங்கே கோட்டிங் கனமாக இருந்தால் ஓட ஓட நசுங்கி நட்டு தளரும். எப்படியும் மாட்டி 50 கி.மீ. ஓடியபின் ஒரு முறை இறுக்குங்கள். டயர் விளிம்பு உட்காரும் பள்ளத்துத் துருவை விட்டுவிட்டு வெளியே மட்டும் அடித்தால் டியூப்லெஸ்ஸில் காற்று மெல்ல இறங்கும்.

வீட்டிலேயே அடிப்பதென்றால் காற்றை இறக்கி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் பழைய சீட்டுக்கட்டைச் சுற்றிச் செருகுங்கள். இதைவிட நல்ல மாஸ்கிங் இல்லை.

பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: குரோம் பம்பர் மேல் நேரே பெயிண்ட் ஒட்டாது. மேல்துருவை நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தால் போகும், பின்பக்கத்துக்கு எபாக்சி அடித்துவிட்டு விடுங்கள்.

#22 தொண்டிக்கரை

கூரையைக் கறுப்பாக்கினால் ஆர்.டி.ஓ.வில் சிக்கலா?

#23 கீழக்கரையான்

பம்பர், ரிம், கிரில்லுக்கு யாரும் கேக்க மாட்டாங்க. வண்டியோட நிறமே மாறுச்சுன்னா ஆர்.சி.ல பதியணும், இன்ஷூரன்ஸுக்கும் சொல்லணும். கூரைக்கு முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. 15 வருஷம் தாண்டுன வண்டி, ரினியூவலுக்கு நேர்ல காட்டப் போறீங்க, அங்க வச்சுப் பேச்சு வேண்டாம். ஆலிவ் பச்சை மட்டும் யாரும் அடிக்கக் கூடாது, மத்திய மோட்டார் வாகன விதி 121, ராணுவத்துக்கு மட்டும். வேலையோட வேலையா புல் பார் மாட்டச் சொல்லி யாராவது சொன்னா அதையும் கேக்காதீங்க, 2017-லயே தடை.

#24 வல்லம்ரெசின்

அண்டர்பாடிக்குப் பழைய இஞ்சின் ஆயில் அடிப்பது நல்லதா? இங்கே நிறையப் பேர் அடிக்கிறார்கள்.

#25 டிங்கர்மண்டபம்

வேண்டாம். ரப்பர் புஷ் ஊதும், சொட்டிச் சொட்டி முற்றம் நாறும், மணல் ஒட்டி உப்போட சேந்து பொருக்கு கட்டும். தார் மாதிரி கறுப்பு கோட்டிங்கும் துரு மேல அடிச்சா துருவைப் பொத்தி வளர்க்கும். கேவிட்டி வேக்ஸ் (தகட்டுக் கூட்டுக்குள்ள அடிக்கிற மெழுகு) வாங்குங்க, நீளக் குழாய் வச்சது. நாலு கதவு, ரெண்டு ரன்னிங் போர்டுக்கு ரெண்டு கேன். தண்ணி ஓட்டை வழியா குழாயை விட்டு அடிச்சு, அப்புறம் அதே ஓட்டையைக் கம்பி விட்டுத் திறந்துடுங்க. பெயிண்ட் வேலை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வேக்ஸ். முன்னாடி அடிச்சா அந்தப் பிசுபிசுப்பு பறந்து கலர் முழுக்க மீன்கண்.

#26 தொண்டிக்கரை

கடைசியாக, பம்பரை எத்தனை நாள் கழித்து மாட்டலாம்? பழைய ஸ்க்ரூ, கிளிப் எல்லாம் துரு.

#27 டிங்கர்மண்டபம்

மறுநாளே கையில பிடிக்கலாம், ஆனா மூணு நாள் விடுங்க. வாட்டர் சர்வீஸ், பாலிஷ் ஒரு மாசத்துக்கு வேண்டாம். ஸ்க்ரூ புதுசு போடுங்க. ஸ்டெயின்லெஸ் போட்டா ஸ்க்ரூ துருப்பிடிக்காது, அதைச் சுத்தி இருக்கிற பாடித் தகடு சீக்கிரம் பிடிக்கும். அதனால நைலான் வாஷர் வச்சு, மரையில கிரீஸ் தடவி மாட்டுங்க. துளை போட்ட இடம் எல்லாம் வெறும் தகடு தெரியும். மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துளை விளிம்புலயும் மிச்ச எபாக்சியைத் தீக்குச்சியால ஒரு தொடு தொட்டு, ஒரு ராத்திரி காய விடுங்க. நம்பர் பிளேட் துளையையும் சேத்து.